கரண்டுக்கு வாரண்டி கிடையாது

“எந்தக் கம்பெனி டிவி வாங்கலாமுங்க?”

ராசிபுரத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். “உங்க வீட்டுப் பக்கத்துல தறிப் பட்டறை இருக்குதுங்களா, கோழிப்பண்ணை இருக்குதுங்களா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். “டிவிக்கும் கோழிப்பண்ணைக்கும் என்னங்க சம்பந்தம்?” என்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஏறக்குறைய 40 வருடமாக டிவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு செட் எத்தனை வருடம் ஓடும் என்பதில் பாதியைத்தான் கம்பெனி தீர்மானிக்கிறது. மீதிப் பாதியை அந்த வீட்டுக்குள் வரும் கரண்டும் அந்த வீட்டைச் சுற்றியுள்ள காற்றும் தீர்மானிக்கின்றன. வாரண்டி அட்டை முதல் பாதிக்கு மட்டுமே பேசும்.

நான் தொழில் பழகியது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், எண்பதுகளின் நடுவில். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு தூர்தர்ஷன் கலருக்கு மாறிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கம் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் பிளாக் அண்ட் ஒயிட்தான். சாலிடேரும் டயனோராவும் சென்னையில் செய்தவை. இ.சி. டிவி ஹைதராபாத்தில் மத்திய அரசின் இ.சி.ஐ.எல். நிறுவனம் செய்தது. கேரள அரசின் கெல்ட்ரானும் வரும். மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. செட்டோடு கொடுக்கும் புத்தகத்தின் பின்பக்கம் சர்க்யூட் படத்தை மடித்து வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதுகூட அதில் அச்சாகியிருக்கும். “படத்தைப் படிச்சுப்போட்டு அப்புறம் சால்டரிங் அயனைத் தொடு” என்பார் என் குருநாதர். தன் செட் ஒருநாள் பழுதாகும் என்று கம்பெனிக்காரனே ஒப்புக்கொண்டு, பழுது பார்ப்பவனுக்கு வழியும் சொல்லிக் கொடுத்த காலம் அது.

அப்போது யாரும் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டதாக நினைவில்லை. கண்டென்சர் போனால் கண்டென்சர், டிரான்சிஸ்டர் போனால் டிரான்சிஸ்டர். கலர் செட்டில் எல்.ஓ.டி. என்ற லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால்தான் செலவு. பிக்சர் டியூப் போனால் மட்டும் வீட்டுக்காரர் முகம் வாடும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குமுன் மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்பி வைப்பதும் மெக்கானிக் வேலைதான். வடகிழக்கே இருண்டு கோடை மழை வருவது போலிருந்தால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எல்லாருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும்கூடத் தெரியும். இந்தப் பழக்கத்தை ஜனங்கள் எப்போது விட்டார்கள் என்று பின்னால் சொல்கிறேன்.

1993இல் கேபிள் வழியாக சன் டிவி வந்தது. அதுவரை சாயங்காலம் சில மணி நேரம் ஓடிய செட், காலை காப்பியிலிருந்து ராத்திரி படுக்கும்வரை ஓட ஆரம்பித்தது. எனக்கு வேலை பெருகியதற்குக் கேபிள்தான் காரணம். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், கலைஞர் அரசு இலவசக் கலர் டிவித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குல செட். திட்டம் முடிவதற்குள் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். மெக்கானிக்குகளுக்கு இனிமேல் பிழைப்பு இல்லை என்று சேலத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. அதுவரை டிவியே இல்லாத வீடுகளிலிருந்து, சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரத்திலிருந்தெல்லாம், சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் செட் நல்ல உழைப்பு உழைத்தது. இன்றும் ஓடுகிற ஒன்றிரண்டை நான் பார்த்திருக்கிறேன்.

தட்டை டிவி எங்கள் ஊர்ப் பக்கம் பரவலாக வந்தது அதற்குப் பிறகு. முதலில் வந்த எல்.சி.டி.யில் வெளிச்சத்துக்கு மெல்லிய ட்யூப் லைட்டுகள் உள்ளே இருக்கும். பிறகு அந்த இடத்தில் எல்.இ.டி. பட்டிகள் வந்தன. அதைத்தான் எல்.இ.டி. டிவி என்று விற்கிறார்கள். பலர் நினைப்பது போலப் படமே எல்.இ.டி.யில் தெரிவதில்லை. முன்னால் இருப்பது அதே எல்.சி.டி. பேனல்தான், பின்னால் இருக்கும் விளக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் டிவி வாங்குவதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஏனென்றால் இன்று என் மேஜைக்கு வருகிற செட்டுகளில் அதிகம் போயிருப்பது அந்த விளக்குதான்.

“சவுண்டு வருதுங்க, படம் வரல” என்பார்கள். நான் செட்டை ஆன் செய்து, கடை விளக்கை அணைத்து, திரையின்மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் காட்டுவேன். சீரியல் நடிகையின் முகம் மங்கலாகத் தெரியும். “பாருங்க, படம் இருக்குது. லைட்டுதான் போயிருக்குது” என்றால்தான் மூச்சு விடுவார்கள். படம் இருக்கிறது என்றால் பேனல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேஜைமேல் கனமான போர்வையை விரித்து செட்டைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். ஸ்க்ரூ எல்லாம் எடுத்து முதுகு மூடியைக் கழற்றி, போர்டுகளின் ஒயர்களைப் பிரித்துவிட்டு, மறுபடி நிமிர்த்தி, ஓரச் சட்டத்தை எடுத்தால் பேனல் வெறும் கண்ணாடித் தகடாக இருக்கும். 43 அங்குலம் என்றால் இரண்டு பேர், நான்கு மூலையிலும் கை வைத்து, ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அதன் விளிம்பில் காகிதம் போன்ற மெல்லிய பட்டைகள் தொங்கும். அதில் ஒன்று மடிந்தால் திரையில் கோடு விழும். அதற்கப்புறம் அந்தப் பேனலை என்னால் சரி செய்ய முடியாது. பேனலுக்கு அடியில் வெள்ளைத் தாள்கள் மூன்று நான்கு, அதற்கும் அடியில் எல்.இ.டி. பட்டிகள். ஒவ்வொரு விளக்குக்கும் மேலே சின்ன லென்ஸ் ஒட்டியிருக்கும். சூட்டில் பசை விட்டு லென்ஸ் விழுந்தால் திரையில் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். ஒரு பட்டியில் ஒரே ஒரு விளக்கு எரிந்துபோனாலும், தொடராக இணைத்திருப்பதால் முழுத் திரையும் இருண்டுவிடும். ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் அடுத்தது போகும். எனவே எல்லாப் பட்டியையும் மாற்றுவதே முறை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இதையெல்லாம் செய்கிறேன். ஒரு கொசு உள்ளே மாட்டிக்கொண்டாலும் கிரிக்கெட் பார்க்கும்போது பச்சைத் தரையில் கறுப்பாகத் தெரியும்.

இந்த விளக்கு ஏன் சீக்கிரம் போகிறது? ஷோரூமில் வரிசையாக மாட்டியிருக்கும் செட்டுகளில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதைத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். அதனால் கடையில் எல்லாவற்றையும் உச்ச வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பலர் அதை மாற்றுவதில்லை. விளக்கு முழு வேகத்தில் எரிந்து, சூடு தாங்காமல் போய்விடுகிறது. மெனுவில் பேக்லைட் என்று இருக்கும். அதை 60, 65க்கு இறக்கி, ‘டைனமிக்’, ‘விவிட்’ என்று இருப்பதை ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்கினால் போதும். வீட்டு வெளிச்சத்துக்கு அது தாராளம். செட் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். காசு செலவில்லாத இந்த ஒரு காரியம், 2 வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியைவிட அதிகம் காப்பாற்றும் என்பது என் கணிப்பு.

இனி கரண்ட். எங்கள் பக்கத்து லைன் எப்படிப்பட்டது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு த்ரீ பேஸ் முறை வைத்துத்தான் வரும். வராத நேரத்தில் கண்டென்சர் போட்டு டூ பேஸில் மோட்டாரை ஓட்டுவார்கள். வோல்டேஜ் இறங்கும், மோட்டாரை நிறுத்தியதும் ஏறும். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் விசைத்தறிகள் ஒரே லைனில் ஓடி நிற்கும். பழைய பிக்சர் டியூப் செட்டில் லோ வோல்டேஜ் வந்தால் படம் சுருங்கும். ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டும். இன்றைய செட்டின் முதுகில் 100-240 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 100 வோல்ட் வரை இறங்கினாலும் அது தாங்கும். அதைக் கொல்வது ஏறும் வோல்டேஜ்தான். ஆகவே குறைந்த வோல்டேஜை ஏற்றித் தரும் பழைய பாணி ஸ்டெபிலைசரை விற்பனையாளர் தலையில் கட்டினால் வாங்க வேண்டாம். அளவுக்கு மேல் ஏறினால் லைனை வெட்டிவிடும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அது இருந்தால் வாங்கலாம்.

சில வருடங்களுக்கு முன் திருச்செங்கோடு போகும் வழியில் ஒரு கிராமத்தில் சூறைக்காற்றில் மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால் ஒரு வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட், பக்கத்து வீட்டு லோடைப் பொறுத்து 300, 350 என்று ஏறிவிடும். அன்று ராத்திரி அந்தத் தெருவில் டிவி, மிக்ஸி, செல்போன் சார்ஜர் எல்லாம் போயின. மறுநாள் ஒரே வேனில் ஆறு டிவிகள் என் கடைக்கு வந்தன. அதில் ஒன்று வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதது. “இதுக்கு வாரண்டி இருக்குது, நான் தொடக்கூடாது. கம்பெனிக்குச் சொல்லுங்க” என்று அப்படியே திருப்பி அனுப்பினேன். கம்பெனி ஆள் வந்தார், மூடியைத் திறந்தார். லைன் உள்ளே வரும் இடத்தில் வேரிஸ்டர் என்ற நீல நிற வட்டம் ஒன்று இருக்கும். அது வெடித்துக் கரியாகியிருந்ததைப் போட்டோ எடுத்தார். ‘வெளிக் காரணம்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டம்மா என்னிடம் வந்து, “ரெண்டு மாசத்து டிவிங்கண்ணா, இதுக்கும் காசு கேக்கறாங்களே” என்று அழாத குறை. ஆனால் அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. சில நூறு ரூபாய் சாமானில் அந்தப் பவர் சப்ளை சரியாகிவிட்டது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

வாரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை இந்த ஊர்க்காரர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கம், இடி மின்னல், பூச்சி பல்லி புகுந்தது, ஈரம், துரு, உடைந்தது, வெளி ஆள் திறந்தது ஆகியவற்றையெல்லாம் பெரும்பாலான கம்பெனிகள் விலக்கி வைத்திருக்கும். நாமக்கல் வட்டாரத்தில் டிவி கெட்டுப்போகும் வழிகளை யாரோ பட்டியல் எழுதித் தந்தது போலவே அது இருக்கும். கதகதப்புக்கு உள்ளே போகும் பல்லி பவர் சப்ளையின் இரண்டு முனைகளில் கால் வைத்து, தானும் செத்து செட்டையும் சாகடிக்கும். கோழிப்பண்ணைக்குப் பக்கத்து வீட்டு செட்டைத் திறந்தால் செம்பு தெரியும் இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும். எருவிலிருந்து வரும் அமோனியாவின் வேலை. சேகோ ஃபேக்டரிக் கழிவுநீர் தேங்கும் பக்கத்தில் பச்சைக்குப் பதிலாகக் கறுப்பு. அங்கே வரும் அழுகிய முட்டை வாடைக்குச் செம்பைக் கறுக்க வைக்கும் குணம் உண்டு. தறி வீட்டில் வேறு தொல்லை. பட்டறைச் சுவரிலேயே டிவியை மாட்டிவிடுவார்கள். பகலெல்லாம் சுவர் அதிர்ந்து உள்ளே கனெக்டர் தளரும், படம் வந்து வந்து போகும். பெரும்பாலும் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பச் செருகினால் சரியாகிவிடும். பட்டறையை ஒட்டாத சுவரில் மாட்டச் சொல்லுவேன்.

இடி விஷயம். இப்போது ஆன்டெனா இல்லையே என்ற தைரியத்தில் யாரும் ஒயரைப் பிடுங்குவதில்லை. ஆனால் கேபிள் ஒயர் கம்பத்துக்குக் கம்பம் வெட்டவெளியில்தான் வருகிறது. இடி அதில் இறங்கி செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டிவியின் மெயின் போர்டுக்குப் போகிறது. சித்திரை, வைகாசியில் எனக்கு வரும் ‘எச்.டி.எம்.ஐ. எடுக்கல’ கேஸ்களில் பெரும்பாலும் இதுதான் கதை. சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்க வேண்டும்.

இனி கம்பெனி. பெயரைப் பார்த்து வாங்குவதில் முன்புபோல அர்த்தமில்லை. பேனலைச் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். பெரும்பாலும் சீனாவின் பி.ஓ.இ., சி.எஸ்.ஓ.டி., எச்.கே.சி. போன்றவை. மேலே பத்துப் பெயர் இருந்தாலும், திறந்து பார்த்தால் உள்ளே ஒரே பேனல் எண் இருப்பது எனக்குச் சாதாரணம். திருப்பதியில் டிக்சன் நிறுவனத்தின் ஆலையில் பல பிராண்டுகளுக்கு செட் தயாராகிறது. கோடாக், தாம்சன் என்பவை பெயரை உரிமம் பெற்று இந்திய நிறுவனம் ஒன்று விற்பவை. இதில் ஏமாற்று எதுவுமில்லை, நல்ல செட்டுகளும் உண்டு. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது உண்மையில் எதற்கு என்றால், பழுதானால் சேலத்திலிருந்து ஆள் வருமா, நாமக்கல்லில் ஆள் இருக்கிறதா, ஐந்து வருடம் கழித்து போர்டு கிடைக்குமா என்பதற்குத்தான். வாங்குமுன் அந்தக் கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்து உங்கள் பின்கோடைச் சொல்லி, அங்கே யார் வருவார்கள் என்று கேளுங்கள். தடுமாறினால் அந்த செட்டை விட்டுவிடுங்கள். எவ்வளவு பெரிய கம்பெனியும் நிரந்தரமில்லை. வீடியோகான் இல்லாத தெரு எங்கள் ஊரில் இருந்ததில்லை. 2018இல் அதுவும் திவால் வழக்குக்குப் போனது.

சந்தைகளில் பெயர் தெரியாத ஸ்டிக்கர் ஒட்டிய அசெம்பிள் செட் பாதி விலைக்குக் கிடைக்கும். உள்ளே யுனிவர்சல் போர்டும் பழைய பேனலும் இருக்கும். முதுகில் ஐ.எஸ். 616 என்ற எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த அளவு செட்டுக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

அளவு விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால் 43 கேட்டு வந்தவர்களைக் கடைக்காரர்கள் 55க்கு ஏற்றிவிடுகிறார்கள். பேனல் போனால் புதுப் பேனல் செட் விலையில் பாதிக்கு மேல் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுப்பதானால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கொடுப்பது டிவி கம்பெனியா, வேறு ஏதோ நிறுவனமா? பேனல் அதில் உண்டா? வருடம் ஏற ஏற மதிப்பைக் கழிப்பார்களா? பேனல் இல்லாத எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன். போர்டு, விளக்கு எல்லாம் எங்களைப் போன்றவர்களே பார்த்துக்கொள்கிற வேலைதான்.

ஸ்மார்ட் டிவியில் செயலி ஓடவில்லை, மெதுவாகிவிட்டது என்பதற்கும் வாரண்டி உதவாது. நல்ல பேனலைத் தூக்கிப் போடாமல் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

ஆத்தூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்கு, வாங்கிய பதினோராம் மாதம் திரையில் நெட்டுக்கு ஒரு கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டரில் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று இழுத்து, 12 மாதம் தாண்டியதும் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். அவர் என்னிடம் கொண்டுவந்தபோது, புகார் பதிவான அன்று போனுக்கு வந்த குறுஞ்செய்தி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். இருந்தது. பழுதைச் சொன்ன தேதிதான் கணக்கு, ஆள் வந்த தேதி இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அந்தக் குறுஞ்செய்தியோடு புகார் போனது. சில வாரங்களில் கம்பெனியே பேனலை மாற்றிக் கொடுத்தது. கொடுக்காமல் போயிருந்தாலும் வழி இருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செட்டை எங்கே வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். ஷோரூம்களில் தரும் பில் பல நேரம் தெர்மல் பேப்பராக இருக்கும். ஒரு வருடத்தில் எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டால் சூட்டில் முழுவதும் கறுத்துவிடும். அப்படிக் கறுத்த பில்லோடு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. வாங்கிய அன்றைக்கே பில்லையும் செட்டின் முதுகில் உள்ள சீரியல் எண்ணையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.